குளிர்ந்த எஞ்சினின் முதற்புகை
சுழல் எஞ்சின் மோட்டார் காரில் குறை காணும் முறை

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஜனவரி மாதத்தில் அங்கு அதிகாலை உஷ்ணநிலை சராசரியாக 16 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியிருக்கும். இரவு முழுதும் நின்ற மோட்டார் வண்டியைக் காலையில் கிளப்பும்போது புகைக்குழாயிலிருந்து வெண்மையாகவோ நீலமாகவோ ஒரு திரள் எழுவதை அந்நகரின் எந்தத் தெருவிலும் காணலாம். பெரும்பாலும் அது குற்றமற்ற நீராவியே. ஆயினும், சில வேளைகளில் எஞ்சினுக்குள் தோன்றிவிட்ட கேட்டினை முதன்முதலாக அறிவிப்பதும் அதுவே. இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில் நேரும் நட்டம் இருவகைப்படும். நல்ல எஞ்சின் வீணே பிரிக்கப்படலாம். அன்றிச் சிறு செலவில் சீர்செய்யத்தக்க எஞ்சின் கவனிப்பாரற்றுப் பாழாகலாம்.

பிஸ்டன் எஞ்சினைப் பொறுத்தவரை இப்புகையின் பொருளை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நன்கறிவர். சுழல் எஞ்சின் பொருத்திய பழைய காரில் அவ்வனுபவமே சில சமயம் தவறான வழியைக் காட்டிவிடுகிறது. அதன் அமைப்பு வேறு. ஆகவே புகையின் காரணங்களும் வேறு.

சுழல் எஞ்சினின் வரலாறு

சுழல் எஞ்சினைக் கருதியவர் ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் (1902–1988) ஆவார். என்.எஸ்.யு. நிறுவனத்தின் ஆதரவில் அவர் அமைத்த முதல் மாதிரி 1957ஆம் ஆண்டில் நெக்கார்சுல்ம் நகரில் ஓடியது. அந்நிறுவனமே 1964இல் இவ்வெஞ்சினுடன் கூடிய ஸ்பைடர் என்னும் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து டோயோ கோக்யோ நிறுவனம் (இதுவே பின்னர் மாஸ்டா எனப் பெயர் பெற்றது) 1961இல் உரிமம் பெற்று, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ஒரு பொறியியலாளர் குழுவை இவ்வேலையில் ஈடுபடுத்தியது. 1967இல் வெளிவந்த காஸ்மோ ஸ்போர்ட் அக்குழுவின் உழைப்பின் பயன். 1978 முதல் 2002 வரை உற்பத்தியான ஆர்.எக்ஸ்.-7 என்னும் கார் எட்டு லட்சத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விற்றது.

அக்குழுவினர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளில் ஒன்று நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியது. தொடக்க கால எஞ்சின்களில் மசகெண்ணெய் எரியறைக்குள் கசிந்து, புகைக்குழாய் வழியே அடர்ந்த வெண்புகையாக வெளியேறியது. எண்ணெயின் செலவும் மிகுந்தது. தனிப்பட்ட எண்ணெய் அடைப்பு வளையங்களை உருவாக்கிய பின்னரே கார் சந்தைக்கு வரத்தக்கதாயிற்று. இன்று பழைய சுழல் எஞ்சின் கார்களில் காலைப் புகை தோன்றுங்கால், பெரும்பாலும் அவ்வளையங்களே மீண்டும் ஆராயப்பட வேண்டியவையாகின்றன.

இந்தியாவில் சுழல் எஞ்சின் கார்கள் பெருவாரியாக உற்பத்தி செய்யப்படவில்லை, இங்குள்ளவை சிலவே. ஆயினும் இவ்வெஞ்சினைப் பற்றிய அறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1959இல் நிறுவப்பெற்று, அடுத்த ஆண்டே பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்த தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம், அகமத்நகரிலுள்ள இராணுவ வாகன ஆராய்ச்சி நிலையத்துடனும் பெங்களூருவிலுள்ள விமானவியல் வளர்ச்சி நிலையத்துடனும் கூடி, 55 குதிரைத்திறன் கொண்ட ஒரு வாங்கெல் எஞ்சினை உருவாக்கியது. அதன் எடை ஏறக்குறைய 30 கிலோகிராம். உறையின் உட்பரப்பிற்கு நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த தேய்வுதாங்கும் பூச்சை அளித்தது ஆய்வுக்கூடம். தீமூட்டலும் எரிபொருள் ஊட்டலும் அகமத்நகர் நிலையத்தின் பங்கு. 2009ஆம் ஆண்டில் இவ்வெஞ்சின் பூட்டிய நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம் கோலாரிலுள்ள பழைய ஓடுதளத்தில் சோதிக்கப்பட்டது. அது 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறிப் பறந்து, நீர் வற்றிய ஏரிப் படுகையில் பத்திரமாக இறங்கியது.

அமைப்பு

முட்டை வடிவத்தை ஒட்டி, இடையில் சற்றே ஒடுங்கிய ஓர் உறை. அதனுள்ளே வளைந்த பக்கங்களையுடைய முக்கோணச் சுழலி ஒன்று. இதுவே சுழல் எஞ்சினின் உடல். சுழலியின் மூன்று முகங்களும் உறையோடு சேர்ந்து மூன்று அறைகளை உண்டாக்குகின்றன. சுழலி சுற்றச் சுற்ற அவ்வறைகள் பெருத்தும் சிறுத்தும், உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு செயல்களையும் முறையே நிறைவேற்றுகின்றன. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் மையத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். உறிஞ்சலுக்கும் வெளியேற்றலுக்கும் உறையிலுள்ள வாயில்களே போதும். ஆகையால் வால்வுகள் இல்லை. சிலிண்டர் தலைப்பகுதியும் இல்லை.

அறைகளை ஒன்றினின்று ஒன்று பிரிப்பவை சுழலியின் மூன்று முனைகளிலும் பொருந்திய முனை அடைப்புகள். பக்கவாட்டில் வாயு கசியாமல் தடுப்பவை பக்க அடைப்புகள். சுழலியின் உட்புறத்தைக் குளிர்விக்க எண்ணெய் பீச்சப்படுகிறது. அவ்வெண்ணெய் எரியறையை எட்டாதவாறு காப்பவை சுழலியின் இரு பக்கத்திலுமுள்ள எண்ணெய் வளையங்கள். அவ்வளையங்களுக்கு அடியில் ரப்பர் வளையங்கள் உண்டு. உறைகளும் பக்கத் தட்டுகளும் அடுக்கி வைக்கப்பட்டு, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்படுகின்றன. அவற்றின் இடையே குளிர்விப்பு நீர் கசியாமல் தடுப்பவை வேறு ரப்பர் வளையங்கள். முனை அடைப்புகள் உலர்ந்து தேயாதபடி, அளவிடும் பம்பு ஒன்று சிறிதளவு எஞ்சின் எண்ணெயை வேண்டுமென்றே எரியறைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வமைப்பினின்று இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது: அம்பாஸடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் காலையில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு வழியே எண்ணெய் இறங்குகிறது என்றும், நீர் குறைந்தால் தலைப்பகுதி கேஸ்கட் பழுது என்றும் கூறுவது வழக்கம். சுழல் எஞ்சினில் இவ்விரு உறுப்புகளும் இல்லாமையால் அவ்வழக்கம் இங்குச் செல்லாது. இரண்டாவது: எண்ணெய் சிறிது சிறிதாகக் குறைவது இவ்வெஞ்சினின் இயல்பு. அதனை மட்டும் கொண்டு எஞ்சின் கெட்டது என்று தீர்ப்பளித்தல் ஆகாது.

புகையின் நிறம்

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் பிராணவாயுவுடன் கூடுவதால் விளைவது இந்நீர். சூடேறிய குழாயில் அது கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகவே சென்றுவிடும். ஆனால் குழாய் குளிர்ந்திருக்கையில் அது நுண்துளிகளாகத் திரண்டு வெண்மையாகத் தோன்றும். குழாயின் நுனியில் சொட்டவும் செய்யும். சைலன்சர் சூடேறியதும் இது மறைந்துவிடும். மணமில்லை, கறையில்லை. இதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை.

சில நிமிடங்கள் கடந்தும் மறையாமல், இனிய மணத்துடன் தொடரும் வெண்புகை வேறு வகையைச் சேர்ந்தது. அது கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீர் எரியறைக்குள் புகுந்தமையைக் காட்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் நீர்ச் சுற்றில் அமுக்கம் சில நேரம் நீடிக்கும். ரப்பர் அடைப்பு பழுதுற்றிருப்பின் அவ்வமுக்கம் நீரைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளும். மறுநாள் காலையில் எஞ்சின் தடுமாறிக் கிளம்பி, வெண்புகை கக்கும். உலோகம் சூடேறி விரிந்ததும் கசிவு அடைபட்டு, எஞ்சின் சீராக ஓடுவதும் உண்டு. அச்சீரான ஓட்டத்தை நம்பி வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவோர் பின்னர் எஞ்சின் கொதித்து, உறை வளைந்து, பெருஞ்செலவுக்கு ஆளாகின்றனர்.

நீலம் கலந்த சாம்பல் நிறமும் எரிந்த எண்ணெயின் கார மணமும் மசகெண்ணெயைக் குறிக்கும். எண்ணெய் வளையத்தின் அடியிலுள்ள ரப்பர், ஆண்டுக்கணக்கான வெப்பத்தால் கெட்டிப்பட்டு நெகிழ்ச்சியை இழந்துவிடும். இரவில் சுழலியினுள் தங்கிய எண்ணெய் அவ்வழியே கசிந்து தாழ்ந்த அறையில் தேங்கும். காலையில் அது முழுதும் ஒருசேர எரிவதால் பெரும் புகைத்திரள் எழுந்து, பின்னர் அடங்கும். வண்டியை நெடுநேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு விசையை மிதிக்கும்போது மீண்டும் அதே புகை எழுமாயின் ஐயம் வலுக்கும்.

அளவிடும் பம்பு மிகுதியாக ஊட்டினாலும் நீலப்புகை வரும். ஆனால் பம்பு எஞ்சின் ஓடும்போது மட்டுமே வேலை செய்வது. ஆதலின் இரவில் தேங்கிக் காலையில் வெடித்தெழும் புகைக்கு அது காரணமாக இருப்பதற்கில்லை. அதனால் விளையும் புகை ஓட்டம் முழுவதும் தொடரும். டர்போ பொருத்திய கார்களில் டர்போவின் அடைப்பு கசிந்தாலும் நீலப்புகை தோன்றலாம். அந்நிலையில் எண்ணெய் எரியறையைத் தொடாமல் நேரே புகைக்குழாயில் விழக்கூடும். ஸ்பார்க் பிளக்குகள் உலர்ந்தே இருக்கும்.

கரும்புகையும் பெட்ரோல் மணமும் எரிபொருள் மிகுதியைக் காட்டுபவை. சோக் விடுபடாமை, இன்ஜெக்டர் ஒழுகுதல், காற்று வடிகட்டி அடைபடுதல் ஆகியன இதன் காரணங்கள். கார்புரேட்டர் உள்ள வண்டியாயின் இடத்தின் உயரத்தையும் கருத வேண்டும். பெங்களூருவில் காற்றின் அமுக்கம் கடலோரத்தைக் காட்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரியாக அமைக்கப்பட்ட கார்புரேட்டர் அங்கு 100-க்கு 4 அல்லது 5 பங்கு அளவில் கூடுதல் எரிபொருள் கலந்த கலவையைத் தரும். இது பழுதன்று, அமைப்பைத் திருத்தினால் போதும்.

நிறம் மட்டுமே போதுமான சான்றாகாது என்பதையும் இங்கு வற்புறுத்த வேண்டும். எண்ணெய்த் துளிகள் மிக நுண்ணியவையாக இருந்தால் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடித்து நீலமாகத் தோன்றும். குளிர்ந்த குழாயில் அவையே பருத்தால் வெண்மையாகத் தோன்றும். ஹிரோஷிமாப் பொறியியலாளர்கள் கண்ட எண்ணெய்ப் புகை வெண்மையாக இருந்ததை நினைவிற்கொள்க. ஆகவே நிறம், மணம், நீடிக்கும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவுக்கு வருதல் வேண்டும்.

ஆராயும் வரிசை

செலவற்ற சோதனையில் தொடங்கி, செலவு மிக்க சோதனைக்குச் செல்வதே முறை.

1. முந்திய மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் மட்டத்தையும் நீர் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுதல். எண்ணெய் மேற்கோட்டைக் கடந்து நிரப்பப்பட்டிருப்பின் அதுவே புகைக்குக் காரணமாகலாம். முதலில் அதனைச் சரிசெய்க.

2. காலையில், எஞ்சினைக் கிளப்புமுன் நீர்க்குழாய்களை அழுத்திப் பார்த்தல். முற்றிலும் குளிர்ந்த எஞ்சினில் அவை விறைப்பாக இருந்தால் எரிவாயு நீர்ச் சுற்றில் புகுந்துள்ளது என ஐயுறலாம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது.

3. எஞ்சின் கிளம்பியவுடன் புகைக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தல். நீர்த்துளி உலர்ந்ததும் தடயமின்றி மறையும். எண்ணெய் பிசுக்கான கறையை விடும். கரி கருமையாகப் படியும். புகை மறையும் நேரத்தைக் கடிகாரத்தால் குறித்துக்கொள்க.

4. மறுநாளும் கிளப்புமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல். எண்ணெய்ப் பிசுக்கு வளையத்தையும், கழுவி விட்டாற்போன்ற தூய்மை நீர்க் கசிவையும், உலர்ந்த கரி எரிபொருள் மிகுதியையும் காட்டும். இரு சுழலி கொண்ட எஞ்சினில் எந்தச் சுழலி பழுதுற்றது என்பதும் இதனால் விளங்கும்.

5. நீர்க் கசிவு என ஐயம் எழுந்தால், ரேடியேட்டர் வாயிலிலிருந்து வரும் ஆவியைப் புரோமோதைமால் நீலக் கரைசல் வழியே செலுத்துதல். கரியமிலவாயு இருப்பின் நீலம் மஞ்சளாக மாறும். மூடியில் குறிக்கப்பட்ட அமுக்கத்தைக் கைப்பம்பினால் ஏற்றிவைத்து, அது இறங்குகிறதா எனப் பார்ப்பதும் நல்ல சோதனை.

6. இறுதியாக அமுக்கச் சோதனை. பிஸ்டன் எஞ்சினுக்குரிய சாதாரண அளவி மூன்று முகங்களில் மிக உயர்ந்த ஒன்றின் அளவை மட்டுமே பிடித்து நிற்கும். ஒரு முகம் முற்றிலும் பழுதாயினும் அது தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே காட்டும் கருவியே இதற்கு ஏற்றது. மூன்று துடிப்புகளும் ஒத்திருத்தல் முக்கியம். பெங்களூருவில் எடுக்கப்படும் அளவுகள் கடலோர அளவுகளைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தாழ்ந்திருக்கும். இத்திருத்தத்தைச் செய்யாமல், கையேட்டிலுள்ள எண்ணோடு நேரே ஒப்பிட்டால் நலமான எஞ்சினும் தேய்ந்ததாகத் தோன்றும்.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

புகையை நிறுத்தும் பொருட்டு அளவிடும் பம்பின் ஊட்டத்தைத் துண்டித்துவிடுவது பெரும்பிழை. புகை குறையலாம், முனை அடைப்புகளோ எண்ணெயின்றி உறையைக் கீறி, விரைவில் அழியும். புகையின்மை எப்பொழுதும் நலத்தின் அடையாளம் அன்று.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, கொட்டகையிலிருந்து வாயிலுக்குக் கொணர்ந்து, ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடும் பழக்கமும் தீங்கானது. குளிர்நிலையில் மிகுதியாக ஊட்டப்பட்ட பெட்ரோல், உறையின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. அப்படலம் இல்லாமல் அடைப்புகள் நன்கு பொருந்தா, அமுக்கம் குறையும், அடுத்த முறை எஞ்சின் கிளம்ப மறுக்கும். மிகுந்த முயற்சியின் பின் கிளம்பினால் பெரும்புகை எழும். இதனை எஞ்சினின் தேய்வெனக் கருதி அதனைப் பிரிப்பவர்கள் உண்டு. சூடேறும் வரை ஓடவிட்டு நிறுத்துவது இதற்குப் போதிய காப்பு.

மூடிய கொட்டகைக்குள் இச்சோதனைகளைச் செய்தலே கூடாது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் கொல்லவல்லது. புகையை முகர நேரின் பக்கவாட்டில் நின்று, கையால் விசிறிச் சிறிதளவே முகர்தல் வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழையும் இவ்விஷயத்தில் முழுதும் நம்புதற்கில்லை. பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு அச்சோதனையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனுமே அளக்கப்படுகின்றன. அதுவும் எஞ்சின் சூடேறி, சும்மா ஓடும் நிலையில். காலையில் மட்டும் தோன்றி மறையும் புகை அக்கருவியின் முன் வருவதே இல்லை. காலையில் வண்டியருகே நின்று பார்ப்பவரின் குறிப்பே இங்குச் சிறந்த சான்று.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

இப்பொருளிலுள்ள விஞ்ஞான உண்மைகளை எளிய பொருள்களைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். எரியும் மெழுகுவத்தியின் சுடருக்குச் சற்று மேலே குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியைக் காட்டினால் முதலில் நீர் படியும். சுடருக்குள்ளே பிடித்தால் கரி படியும். காலைநேர வெண்புகைக்கும் கரும்புகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சுண்ணாம்புத் தெளிநீரில் குழல் வழியே ஊதினால் அது பால்போல் கலங்கும். ரேடியேட்டர் சோதனையில் தேடப்படும் அதே கரியமிலவாயுவே இங்கும் செயல்படுகிறது. கரும் பின்னணியில் எரியும் ஊதுபத்தியின் புகை நீலமாகத் தெரிவதையும், ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் சில துளி பால் கலந்து பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சினால் நீலச்சாயல் தோன்றுவதையும் காட்டி, நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் முறையை விளக்கலாம்.

களப்பணியாளர்கள் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. தேதி, காலை உஷ்ணநிலை, புகையின் நிறமும் மணமும், அது நீடித்த நேரம், எண்ணெய் மட்டம், நீர் மட்டம் ஆகிய இவற்றை ஒரு வாரம் தொடர்ந்து குறித்தால், எஞ்சினைத் திறக்கும் முன்பே காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். சுழல் எஞ்சினுக்கு மட்டுமன்றி, ஜீப்பு, டிராக்டர், நீர் இறைக்கும் பம்புசெட்டு ஆகியவற்றுக்கும் இம்முறை பயன்படும். ஒவ்வொன்றின் உள்ளமைப்பை அறிந்து, அதற்கேற்பப் பொருள் கொள்ள வேண்டுவது மட்டுமே வேறுபாடு.